நெய்தார், நெய்வார், தெஹியோ

ஆர்.கே.பேட்டைப் பக்கம் தறிக்காரர் ஒருவரிடம் அவருடைய தகப்பனாரைப் பற்றிக் கேட்டால் பதில் ஏறக்குறைய இப்படி வரும்: “எங்கப்பா குழித்தறியில நெய்வாருங்க. விடிகாலை நாலு மணிக்கே தறியில குந்திடுவாரு. ஒருவாட்டி பாவு மொத்தமும் அந்துபோச்சு. அன்னிக்கு அழுதுட்டாரு.”

தகப்பனார் காலமாகி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். குழித்தறியை மூடி மண் நிரப்பி, அந்த இடத்தில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும். சொல்லப்படும் நான்கு செய்திகளும் கழிந்துபோனவைதான். ஆனால் வினைகளைப் பாருங்கள். நெய்வார், குந்திவிடுவார் என்ற முதல் இரண்டும் பள்ளிக்கூட இலக்கணப்படி எதிர்காலம். அந்துபோச்சு, அழுதுட்டாரு என்ற பின்னிரண்டு மட்டுமே இறந்தகாலம். இறந்துபோனவரைப் பற்றி எதிர்காலத்தில் பேசுகிறோமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் துளி குழப்பம் இல்லை.

இந்த நான்கு வாக்கியங்களையும் ஸ்பானிஷ் மொழியில் சொல்லப் போனால்தான் நாம் தினமும் செய்துகொண்டிருப்பது என்ன என்று தெரிகிறது. ஸ்பானிஷில் சாதாரணக் கழிகாலம் இரண்டு உண்டு. ஒன்றின் பெயர் பிரெத்தெரிதோ. மற்றொன்று இம்பெர்ஃபெக்தோ. இரண்டுக்கும் தனித்தனி விகுதிகள். ஒவ்வொரு முறை கழிந்ததைப் பேச வாய் திறக்கும்போதும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நழுவ வழியில்லை. உலகம் முழுக்க ஸ்பானிஷ் கற்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. ஆந்திர எல்லையை ஒட்டிய இந்தத் தறிக்காரருக்கு அந்தத் தேர்வு பிறந்ததிலிருந்து கைவந்தது. அதுவும் தமிழ், தெலுங்கு என இரண்டு மொழிகளில். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் அதற்குள் நுழைய விகுதிகளின் வாசலைத் தாண்டியாக வேண்டும்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். பிரெத்தெரிதோ என்ற சொல் லத்தீனின் ‘பிரேத்தெரீரே’ என்ற வினையிலிருந்து வந்தது. அதன் பொருள் கடந்து போதல், தாண்டிச் செல்லுதல். தமிழில் ‘இற’ என்ற வினைக்கும் மூலப்பொருள் அதுதான்: கடத்தல், எல்லை தாண்டுதல். சாவு என்ற பொருள் அதன் ஒரு கிளை. தொல்காப்பியம் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று காலத்தை மூன்றாக வகுத்தபோது இறப்பு என்பதில் பிணவாடை இல்லை. கடந்தது என்ற பொருளே இருந்தது. ஒன்றையொன்று அறியாத இரண்டு இலக்கண மரபுகள் ஒரே உருவகத்தைப் பிடித்துக்கொண்டு பெயர் வைத்திருக்கின்றன.

இனி ஒழுங்கான வினை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாடப்புத்தகங்கள் வழக்கமாகப் ‘பேசு’ என்ற வினையில் தொடங்கும். நெசவூரில் உட்கார்ந்துகொண்டு நெய்யாமல் பேசிக்கொண்டிருப்பானேன்? ஸ்பானிஷில் நெய்தலுக்குத் ‘தெஹேர்’ என்று பெயர். லத்தீனின் ‘தெக்ஸெரே’ என்ற சொல்லின் பேரன். அந்தப் பாட்டனின் இன்னொரு பேரன் ‘தெக்ஸ்தோ’, அதாவது எழுதப்பட்ட பனுவல். நூல் என்ற ஒரே சொல்லில் இழையையும் புத்தகத்தையும் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இது ஆச்சரியமில்லை.

தெஹேர் என்பதில் கடைசி ‘ஏர்’ என்ற ஒட்டைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது அடி. அதனோடு ஆறு விகுதிகளை மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும். நான் நெய்தேன்: தெஹீ. நீ நெய்தாய்: தெஹீஸ்தே. அவர் நெய்தார்: தெஹியோ. நாங்கள் நெய்தோம்: தெஹீமோஸ். நீங்கள் நெய்தீர்கள்: தெஹீஸ்தெய்ஸ். அவர்கள் நெய்தார்கள்: தெஹியெரோன். ‘நான்’, ‘நீ’ என்று எழுவாயைத் தனியாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை; விகுதியே ஆளைக் காட்டிவிடும். ‘நெய்தேன்’ என்றாலே நான் என்று நமக்குத் தெரிவதுபோல. ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் கற்கிறவர்கள் இதைப் பெரிய அதிசயமாகப் பாராட்டுவார்கள். நமக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

ஆண், பெண், அஃறிணை என்ற பிரிவு ஸ்பானிஷ் வினையில் கிடையாது. தெஹியோ என்றால் நெய்தான், நெய்தாள், நெய்தது எல்லாம் அதில் அடக்கம். மரியாதைக்கு ‘உஸ்தேத்’ என்ற சொல் உண்டு. ‘தங்கள் கருணை’ என்ற பழைய அழைப்பு தேய்ந்து தேய்ந்து இந்த வடிவத்துக்கு வந்தது. எதிரில் நிற்பவரை அப்படி அழைத்தால் வினை மட்டும் படர்க்கைக்குப் போய்விடும். ‘நீங்கள் நெய்தீர்கள்’ என்பதற்கும் அதே தெஹியோ. கிராமத்துப் பெரியவர் எதிரில் நிற்க, அவரிடமே “ஐயா எப்ப வந்தாங்க?” என்று கேட்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஸ்பெயினைத் தாண்டி மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா பக்கம் போய்விட்டால் ‘தெஹீஸ்தெய்ஸ்’ வழக்கிலேயே இல்லை. முன்னிலைப் பன்மைக்கும் ‘தெஹியெரோன்’ போதும். ஆறு ஐந்தாகிவிடுகிறது.

ஸ்பானிஷ் வினைகள் அவற்றின் இறுதியை வைத்து மூன்று வகை: ஆர், ஏர், ஈர். பிரெத்தெரிதோவுக்கு வரும்போது ஏரும் ஈரும் ஒன்றாகிவிடுகின்றன. ‘பார்தீர்’ என்றால் புறப்படு, பிளந்து பிரி என்று பொருள். புறப்பட்டேன் என்பதற்குப் பார்தீ, புறப்பட்டார் என்பதற்குப் பார்தியோ. முதல் தடவை கேட்கிற தமிழ்க்காதுக்கு யாரோ “பார்த்தியோ?” என்று விசாரிப்பதாகத் தோன்றும், சிரித்துவிட்டு மேலே போகலாம். ஆர் வகைக்குத்தான் வேறு விகுதிகள். ‘கான்தார்’ என்றால் பாடு. கான்தே, கான்தாஸ்தே, கான்தோ, கான்தாமோஸ், கான்தாஸ்தெய்ஸ், கான்தாரோன். இரண்டு வாய்பாடு, பன்னிரண்டு சொல். ஒரு மாலைப்பொழுதில் மனப்பாடம் செய்துவிடலாம்.

சிக்கல் மனப்பாடத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. ‘பாடுகிறேன்’ என்பதற்கும் கான்தோ. ‘பாடினார்’ என்பதற்கும் கான்தோ. தமிழ் எழுத்தில் இரண்டையும் பிரித்து எழுத வழியே இல்லை. ஸ்பானிஷில் பாடுகிறேன் என்னும்போது அழுத்தம் ‘கான்’ மீது விழும். பாடினார் என்னும்போது ‘தோ’ மீது விழும். எழுதும்போது பின்னதன் கடைசி எழுத்தின் தலையில் சாய்கோடு ஒன்று போடுவார்கள். ஒழுங்கான வினைகளில் இந்தக் கோடு தன்மை ஒருமைக்கும் படர்க்கை ஒருமைக்கும் மட்டுமே உண்டு. கோடு விழாவிட்டால் ஆளும் மாறும், காலமும் மாறும். தமிழில் அழுத்தத்தை மாற்றிச் சொல்லின் பொருளை மாற்ற முடியாது. குறிலும் நெடிலும்தான் நமக்குப் பொருளைப் பிரிக்கும். அழுத்தம் கோபத்துக்கும் கெஞ்சலுக்கும் ஆனது. அதனால் தமிழர் ஸ்பானிஷ் பேசும்போது எல்லா அசைகளும் ஒரே உயரத்தில் போகும். பாடியது தானா அடுத்தவரா என்று கேட்பவர் தடுமாறுவார். கடைசி உயிரை வேண்டுமென்றே கொஞ்சம் நீட்டி உயர்த்திச் சொல்லிப் பழகுவதுதான் நான் கண்ட கைவைத்தியம்.

இந்த அழுத்தம் கடைசிக்கு வந்து சேர்ந்ததற்கும் ஒரு கதை உண்டு. லத்தீனில் ‘பாடினேன்’ என்பது கான்தாவி. ‘பாடினார்’ என்பது கான்தாவித். பேச்சில் முன்னதில் ‘வ்’ உதிர்ந்தது; பின்னதில் அதற்கடுத்த ‘இ’ உதிர்ந்தது. கான்தாய் என்றும் கான்தாவுத் என்றும் ஆகி, ‘ஆய்’ ஏ ஆகவும் ‘ஆவு’ ஓ ஆகவும் சுருங்கி, கான்தே, கான்தோ என்று நின்றுவிட்டன. அழுத்தம் முன்பே ‘தா’வின் மீதுதான் இருந்தது; பின்னால் இருந்தது சுருங்கியதும் அந்த அசையே கடைசி ஆகிவிட்டது.  தெலுங்கிலும் ஏறத்தாழ இதே நடந்திருக்கிறது. ‘நெய்தான்’ என்பதற்கு ஏட்டு வழக்கில் இருந்த நேசினாடு பேச்சில் நேசாடு ஆனது. நடுவிலிருந்த ‘இன்’ காணாமல் போனது. நம் ‘சாப்பிட்டுவிட்டேன்’ சாப்பிட்டுட்டேன் ஆனதும் இந்த வரிசைதான்.

தமிழின் இறந்தகாலத்தோடு ஒப்பிட்டால் ஸ்பானிஷின் ஒழுங்கு வினை குழந்தை விளையாட்டு. நன்னூல் இறந்தகால இடைநிலைகளாகத் த், ட், ற், இன் என்று நான்கைச் சொல்கிறது. பட்டியல் சின்னதாகத் தெரியும். எந்த வினை எதைப் பிடிக்கும் என்பதுதான் கேள்வி. ல் என்று முடியும் வினைகளை மட்டும் எடுத்து வையுங்கள்: சொல், செல், கல், நில். சொன்னார், சென்றார், கற்றார், நின்றார். நான்கும் ஒரே மாதிரி முடிகிற சொற்கள். வெளியே வரும்போது மூன்று வெவ்வேறு முகங்கள். அறு என்ற வினை இன்னும் வேடிக்கை. இழை தானாகப் போனால் அறுந்தது. ஒருவர் செய்தால் அறுத்தார். மெல்லினமும் வல்லினமும் மாறினால் குற்றவாளியே மாறிவிடுகிறார். தறிக்கூடத்தில் இந்த வேறுபாடு கூலி பிடித்தம் வரைக்கும் போகக்கூடியது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைத் திறந்தால் வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் நிற்கும். அந்த வினை எந்த வாய்பாட்டைச் சேர்ந்தது என்பதற்கான அடையாளம் அது. அப்படிப் பத்துக்கும் மேற்பட்ட வகைகள். 1862-இல் வந்த வின்சுலோ அகராதி, வினைக்குப் பக்கத்திலேயே அதன் இறந்தகால வடிவத்தையும் அச்சிட்டுவிட்டது. அதைக் கொடுக்காவிட்டால் வெளியாள் ஒருவர் தமிழில் ‘நேற்று’ என்று தொடங்கும் வாக்கியத்தை முடிக்கவே முடியாது.

அப்படி முடிக்க முடியாமல் திண்டாடிய ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஐபீரிய இலக்கணம் தமிழ் வினையை முதன்முதலில் சந்தித்த கதை அவருடையது.

1492-இல் அந்தோனியோ தெ நெப்ரிஹா காஸ்தீலிய மொழிக்கு, அதாவது நாம் இன்று ஸ்பானிஷ் என்று சொல்வதற்கு, இலக்கணம் எழுதி அச்சிட்டார். ஐரோப்பாவின் பேச்சுமொழி ஒன்றுக்கு அச்சில் வந்த முதல் பெரிய இலக்கணம் அது. 1540-இல் ஜுவாம் தெ பாரோஸ் போர்த்துக்கீசியத்துக்கு எழுதினார். லத்தீன் இலக்கணத்தின் கட்டங்களை வரைந்து, அவற்றில் தம் தாய்மொழியை நிரப்புவது இவர்கள் கண்ட முறை. கட்டங்கள் கப்பலேறின. மெக்சிகோவில் அந்திரேஸ் தெ ஓல்மோஸ் 1547-இல் நாவாத்தில் மொழிக்கு இலக்கணம் எழுதி முடித்தார். அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறையில் ஒரு போர்த்துக்கீசியர் தமிழுக்கு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவர்தான் அன்றிக்கு அடிகள் என்று நாம் அழைக்கும் என்ரீக் என்ரீக்கஸ். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டவர்.

அவருக்கு முன்னால் அந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், ஸ்பெயினின் நவார்ரா நாட்டுக்காரர். மொழிபெயர்ப்பாளர்களை வைத்து மந்திரங்களைத் தமிழில் ஆக்கிக்கொண்டார். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று போட்டுவிட்டார்கள். மக்கள் ‘நம்புகிறேன்’ என்பதற்குப் பதிலாக ‘எனக்கு வேணும்’ என்று சொல்லி வந்தார்கள். 1544-இல் தம் தோழர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் சேவியர் இதைத் திருத்தச் சொல்கிறார். ஒரு வினை பிசகினால் சமயமே பிசகும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

1546-இல் இந்தியா வந்த என்ரீக்கஸ் மொழிபெயர்ப்பாளரை நம்புவதில்லை என்று முடிவு செய்தார். 1548 அக்டோபர் 31 அன்று, தம் சபையின் தலைவரும் பாஸ்க் நாட்டவருமான லொயோலாவின் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் தாம் தமிழ் கற்ற விதத்தை விவரிக்கிறார். லத்தீன் படிப்பதுபோலவே வினைகளைக் கட்டம் கட்டிப் படித்தாராம். இறந்தகாலங்களையும் எதிர்காலங்களையும் கண்டுபிடிக்கப் பெரும்பாடு பட்டாராம். கடிதத்தில் இறந்தகாலத்துக்கு அவர் இடும் பெயர் நம் பிரெத்தெரிதோவேதான். ஆர்.கே.பேட்டையிலிருந்து ஸ்பானிஷ் கற்கப் புறப்படுபவரின் எதிர்த்திசையில் ஒருவர் 470-க்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே நடந்து வந்திருக்கிறார். அவருடைய இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் கிடந்தது. 1982-இல் ஹான்ஸ் ஃபெர்மேர் அதை ஹைடெல்பர்கில் பதிப்பித்தார். 2013-இல் ஜீன் ஹைனும் வி.எஸ்.ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பை ஹார்வர்டு வெளியிட்டது.

என்ரீக்கஸ் கொண்டுவந்த கட்டங்கள் வேறு, தமிழ் வைத்திருந்த கட்டங்கள் வேறு. லத்தீன் மாணவருக்குக் கழிந்த காலம் ஒன்றல்ல, பல. முடிந்தது ஒரு கட்டம், நடந்துகொண்டிருந்தது இன்னொரு கட்டம். தமிழ் இலக்கணத்தில் கழிந்தது ஒரே கட்டம். அப்படியானால் நடந்துகொண்டிருந்ததையும் வழக்கமாக நடந்ததையும் தமிழர் சொல்லாமல் விட்டார்களா? சொன்னார்கள், வேறு பெட்டியிலிருந்து எடுத்து. இலக்கணம் ‘எதிர்காலம்’ என்று சீட்டு ஒட்டிய பெட்டி அது. அதன் உள்ளே இருப்பது எதிர்காலம் மட்டுமல்ல. மலை நிற்கும், ஆறு ஓடும் என்ற பழைய எடுத்துக்காட்டுகளில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? எப்போதும் உள்ள இயல்பு அது. “தாத்தா கதை சொல்லுவாரு” என்பதில் இருப்பது பழக்கம். இந்த வடிவம் பழக்கத்தைக் குறிப்பதைக் கால்டுவெலும் 1856-இல் வெளியான தம் ஒப்பிலக்கணத்தில் கண்டு சொல்லியிருக்கிறார். ஆனால் பள்ளிக்கூடத்தில் ‘வருவான்: எதிர்காலம்’ என்று ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதி முடித்துவிடுகிறோம். பாட்டி தினமும் சொல்லும் வாக்கியத்துக்குத் தேர்வுத்தாளில் இடம் கிடைப்பதில்லை.

விளைவை நான் பட்டறிந்தேன். சென்னையில் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போனபோது பாடம் ஆங்கிலம் வழியாக நடந்தது. ஆங்கிலத்தில் ‘நெய்தார்’ என்பதற்கு உள்ள ஒரே சொல், ஒருநாள் நெய்ததற்கும் ஆயுசுக்கும் நெய்ததற்கும் பொது. அதிலிருந்து தெஹியோவுக்குப் போவதா, அதன் இம்பெர்ஃபெக்தோ வடிவமான தெஹீயாவுக்குப் போவதா? ‘முடிந்த செயல் என்றால் பிரெத்தெரிதோ, முடியாத செயல் என்றால் இம்பெர்ஃபெக்தோ’ என்று சூத்திரம் கொடுத்தார்கள். செத்துப்போன மனிதரின் செயல் எல்லாமே முடிந்ததுதானே என்று நான் குழம்பினேன். குறுகிய நேரம், நீண்ட நேரம் என்று ஒரு துணைச்சூத்திரமும் வந்தது. அது இன்னும் மோசம். ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி 711-இல் தொடங்கி 1492 வரை ஏறத்தாழ எட்டு நூற்றாண்டு நீடித்தது. இந்த ‘நீடித்தது’ என்பதற்கு ஸ்பானிஷ்காரர் கூசாமல் துரோ என்று பிரெத்தெரிதோவைப் போடுவார். 780 வருஷம் குறுகிய நேரமா?

நீளம் பொருட்டல்ல. வேலி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தொடக்கமும் முடிவும் தெரிய, மொத்தத்தையும் வெளியிலிருந்து ஒரு துண்டாகப் பார்த்தால் பிரெத்தெரிதோ. உள்ளே போய் நின்றுகொண்டு சுற்றிலும் பார்த்தால் இம்பெர்ஃபெக்தோ. தறியில் இறங்கிய துணியை மீட்டர் கணக்கில் மடித்து வைத்துவிட்டால் தெஹியோ. நாடா இன்னும் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருக்க, பாவின் மறுமுனை கண்ணுக்குத் தெரியாவிட்டால் தெஹீயா.

இந்த ஊரின் வரலாற்றிலேயே அதைக் காட்டலாம். ஆர்.கே.பேட்டை என்பது ராமகிருஷ்ணராஜுபேட்டையின் சுருக்கம். பெயரிலேயே தெலுங்கு மணம் வீசும். இந்த ஊரை உள்ளடக்கிய திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூரோடு சேர்ந்து அங்கே போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1959-இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சத்தியவேடு பக்கத்து ஊர்கள் அந்தப் பக்கம் போயின. “இந்த வட்டாரம் ஆறரை வருஷம் ஆந்திர மாநிலத்தில் இருந்தது” என்றால் இரு பக்கமும் தேதியால் வேலி கட்டியாகிவிட்டது, ஸ்பானிஷில் பிரெத்தெரிதோ. “அப்ப நாங்க ஆந்திராவுல இருந்தோம், சித்தூர் கோர்ட்டுக்குத்தான் போவோம்” என்று பெரியவர் ஒருவர் சொன்னால் அவர் அந்த ஆறரை வருஷத்துக்குள்ளே நின்று பேசுகிறார், அது இம்பெர்ஃபெக்தோ. அவரும் ‘போனோம்’ என்று சொல்லவில்லை, ‘போவோம்’ என்கிறார் பாருங்கள்.

மங்கலங்கிழார் இங்கே ஊர் ஊராகப் போய்த் தமிழ் இலக்கணம் கற்பித்தவர். தெலுங்குக் கல்வியே மேலோங்கியிருந்த நாளில் அது சாதாரணக் காரியமில்லை. எல்லைக்கோடு 1960-இல் நகர்ந்தது. வீட்டுக்குள் பேச்சு நகரவில்லை. இந்தப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழுமாக வளர்கிறவர்கள் இன்றும் நிறைய. ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும். அவர்களுடைய தெலுங்கை ஆந்திரத்துக்காரர் கேலி செய்வார்; தமிழைச் சென்னைக்காரர் கேலி செய்வார். ஸ்பானிஷ் கற்பதில் மட்டும் இவர்கள் இரண்டு பேரையும் முந்திவிடலாம் என்பது என் கணிப்பு.

காரணம் இருக்கிறது. தமிழ் பழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவத்தை இரவல் வாங்குகிறது. அதனால் ‘நெய்வார்’ என்பது நாளைக்கா, அந்தக் காலத்திலா என்பதைச் சந்தர்ப்பம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தெலுங்கு இரவல் வாங்கவில்லை. கழிந்துபோன பழக்கத்துக்கென்றே தனி வடிவம் வைத்திருக்கிறது. நேசாடு என்றால் நெய்தான். நேசேவாடு என்றால் நெய்துவந்தான், அந்தக் காலத்தில் நெய்வான். தெஹியோ, தெஹீயா என்ற இரண்டுக்கும் நேர் எதிரே இரண்டு சொல் தயாராக நிற்கின்றன. வாய்பாடும் பக்கத்தில் வருகிறது: நேசானு, நேசாவு, நேசாடு, நேசாமு, நேசாரு. சொன்னார்–சென்றார்–கற்றார் என்று அடியையே உருமாற்றும் தமிழைவிட, அடியை அதிகம் தொடாமல் விகுதியை மட்டும் மாற்றும் தெலுங்குதான் ஸ்பானிஷின் ஒழுங்கு வினைக்கு நெருக்கம். பெண்ணுக்கும் அஃறிணைக்கும் நேசிந்தி என்று ஒரே வடிவம். தமிழின் ஆள், அது என்ற பிரிவு அங்கே ஒருமையில் கரைந்துவிடுகிறது. ஸ்பானிஷில் ஆணும் சேர்ந்து கரைந்துவிடுகிறான். கான்தோ என்பதில் ‘த’வை வல்லோசையாகச் சொல்லச் சிரமப்படும் தமிழ்நாக்குக்கு முன், த-வையும் அதன் மெல்லோசையையும் பிறந்ததிலிருந்து பிரித்துப் பழகிய தெலுங்குநாக்கு அங்கேயும் ஓரடி முன்னால்.

இம்பெர்ஃபெக்தோவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘நெய்துகொண்டிருந்தார், அப்போது கரண்ட் போச்சு’ என்பதில் வரும் நெய்துகொண்டிருந்தாருக்கும் அதே தெஹீயாதான். தமிழும் தெலுங்கும் இங்கே வேறு கருவியை எடுத்துக்கொள்கின்றன. இது பெரிய இடைஞ்சல் இல்லை. ஸ்பானிஷ் தன் இரண்டு பெட்டிகளில் ஒன்றில் எதையெதையோ திணித்து வைத்திருக்கிறது. நாம் மூன்று பெட்டியில் பிரித்து வைத்திருக்கிறோம். மூன்றை இரண்டாக்குவது எளிது. ஆங்கிலம் வழியாகப் போனால் ஒன்றை இரண்டாகப் பிளக்க வேண்டும். அங்கேதான் வகுப்பறையில் ரத்தம் சிந்துகிறது.

ஒரு விஷயத்தில் ஸ்பானிஷ்காரர்களே தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை. இன்று காலை சாப்பிட்டதை மாட்ரிட்காரர் கூட்டுவினை போட்டு, ‘சாப்பிட்டிருக்கிறேன்’ என்பதுபோலச் சொல்வார். மெக்சிகோக்காரர் அதே காலைச் சோற்றுக்கு நேராகப் பிரெத்தெரிதோ போடுவார்: கோமீ, சாப்பிட்டேன். நாம் சாப்பிட்டேன், சாப்பிட்டுட்டேன், சாப்பிட்டாச்சு என்று மூன்று விதமாகச் சொல்லி மூன்றிலும் வேறு வேறு தொனி காட்டுகிறவர்கள். வீட்டுக்குள் இருந்துகொண்டே “இதோ வந்துட்டேன்” என்று வாசலுக்குக் குரல் கொடுக்கிறோம். இன்னும் செருப்புகூடப் போட்டிருக்க மாட்டோம். நன்னூல் இதை விரைவு பற்றி வந்த கால மயக்கம் என்று மன்னித்துவிடும். கரீபியக் கடற்கரைகளில் கிளம்பும் முன்பே “நோஸ் ஃபுயீமோஸ்”, போய்விட்டோம், என்று கத்துவார்கள், அங்கேயும் பிரெத்தெரிதோதான்.

இப்போது தறிக்காரரின் நான்கு வாக்கியங்களுக்குத் திரும்பலாம். நான்குக்கும் தேவைப்படும் ஸ்பானிஷ் வினைகள் நான்கும் இந்தக் காலங்களில் ஒழுங்கானவை. குழித்தறியில் நெய்வார்: தெஹீயா. நாலு மணிக்கே குந்திவிடுவார்: ஸே செந்தாபா. ஒருவாட்டி பாவு அந்துபோச்சு: ஸே ரொம்பியோ. அழுதார்: யோரோ, அழுத்தம் கடைசியில். தெலுங்கில் முதலிரண்டும் ‘நேசேவாரு’ வகை, மூன்றாவது தெகிபோயிந்தி. மூன்று மொழிகளிலும் கோடு ஒரே இடத்தில் விழுகிறது, இரண்டாம் வாக்கியத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்.

ஆனால் அவர் ‘அழுதாரு’ என்று சொல்லவில்லை. ‘அழுதுட்டாரு’ என்றார். அடக்க நினைத்தும் முடியாமல் போனது அந்த ‘ட்டா’வுக்குள் இருக்கிறது. தெலுங்கு இதை ‘ஏட்சேசாரு’ என்று பிடித்துவிடும்; உள்ளே ஒளிந்திருக்கும் துணைவினை ‘வேயு’, எறி. யோரோ என்ற ஒற்றைச் சொல்லில் இதற்கு இடமில்லை. ஸ்பானிஷ்காரர் வேறு விதமாகச் சொல்வார்: ‘ஸே எச்சோ ஆ யோரார்’. எச்சார் என்ற ஒழுங்கான ஆர் வினையின் பிரெத்தெரிதோ அது. அந்த வினைக்கும் பொருள் எறி என்பதுதான்.